டை கட்டிய வருஷம்

மே 8

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ் என்று சொன்னால் அம்மாவுக்குப் போதவில்லை. "பாஸ்னா ஊரே பாஸ். மார்க்கைச் சொல்லுட்டி" என்று தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பேர்தான் ஆபீஸ், உள்ளே போனால் மருந்து நெடி மூக்கைப் பிடுங்கும். இன்ஜினியரிங் கட்ஆஃப் நூற்று அறுபத்தெட்டு வரும் என்றேன். கட்ஆஃப் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் கூட நின்ற பொம்பிளைகளிடம் திரும்பி, "நூத்தி அறுவத்தெட்டு!" என்றாள், ஏலம் கூறுகிறவள் மாதிரி.

இந்த டைரி விக்டோரியா டீச்சர் கொடுத்தது. உரக்கடை விளம்பர டைரி. "செண்பகவல்லி, எந்த உதவித்தொகைக்கு எது கடைசித் தேதின்னு இதுல குறிச்சு வை. இல்லாட்டி கோட்டை விட்டுருவ" என்றார். தேதியை மட்டும் எழுத எனக்குக் கை வராது. வாய் நீளம் என்று தெருவில் பேர் எடுத்தவள் நான். கை மட்டும் குட்டையாகவா இருக்கும்?

மே 11

டீச்சர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் ஏழரை சதவீதம் தனி இடம். அதில் சீட் கிடைத்தால் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாவற்றையும் அரசாங்கமே கட்டும். "உன் மார்க்குக்கு நல்ல காலேஜே கிடைக்கும், மெக்கானிக்கலே எடு" என்றார்.

எனக்கு மெக்கானிக்கல்தான் வேண்டும். அம்மாவின் ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. பொம்பிளைகள் அதன் பக்கத்தில் போகக் கூடாது, பெட்டியில் குச்சி அடைப்பதோடு சரி. அது நின்றுபோனால் சாத்தூரிலிருந்து ஒருவர் வருவார். அவர் வரும்வரை எல்லாரும் கூலியில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பார்த்து, நானே திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். காசே கட்ட வேண்டாமா என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு செண்பகவல்லியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மே 12

எதிர்வீட்டு மாரிக்கனி அத்தை, "இஞ்சினீரு மகளே, எங்க வீட்டு மிக்சி ஓட மாட்டேங்கு, பாரேன்" என்கிறாள். பார்த்தேன். ஒயர் விட்டிருந்தது. சரி செய்து கொடுத்தேன்.

மே 15

விண்ணப்பம் போடச் சுடலை அண்ணனின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பள்ளிக்கூட நம்பரைத் தட்டியதும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளியெல்லாம் வரிசையாக வந்தது. அண்ணன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆறாப்பு மட்டும் வேற எங்கயோ காட்டுதே?" என்றார்.

டை ஸ்கூல். எங்கள் தெருவில் எல்லாரும் அதை அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகள் டை கட்டி, பெல்ட் போட்டு, வேனில் போகிற இங்கிலீஷ் மீடியம். ஆறாம் வகுப்புக்கு அம்மா என்னை அங்கே சேர்த்தாள். காதுத் தோட்டை விற்றுத்தான் சேர்த்தாள். சேர்த்த அன்றைக்கே ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், டையும் ஷூவுமாக நிற்க வைத்துப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினாள். அந்த வருஷக் கடைசியில் கொரோனா வந்தது. முழுப் பரீட்சைகூட நான் எழுதவில்லை. ஆபீஸை மூடினார்கள், ஃபீஸ் கட்ட வழியில்லை, ஏழாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கே திரும்பிவிட்டேன்.

ஒரே வருஷம்தானே என்று கேட்டேன். "கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியுமா? உள்ளயே விட மாட்டேங்கு" என்றார். இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். காசு வாங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மே 16

விக்டோரியா டீச்சர் வீட்டுக்கே போனேன். மாவாட்டிக்கொண்டிருந்தவர் மாவுக் கையோடு எழுந்து வந்தார். "நீ ஏழாப்புல வந்து சேர்ந்தவளா? எனக்கு யாரு சொன்னா? முதல்லருந்தே நம்ம பிள்ளைன்னுல்லா நினைச்சேன்" என்றார். யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் போனை வைத்துவிட்டு ஒன்று சொன்னார். இலவசக் கல்விச் சட்டத்தில், காசு கட்டாமல் தனியார் பள்ளியில் படித்த பிள்ளைகள் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்திருந்தால் அவர்களுக்கு வழி இருக்கிறதாம்.

"நாங்க காசு கட்டித்தான டீச்சர் படிச்சோம்."

"அதாம்மா வினை."

புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயும் அதே காரணத்தால் கிடையாது. தோட்டை விற்றுக் கட்டிய காசு இன்னும் என் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. யாரைத் திட்டுவது? அம்மாவையா? எனக்கு வந்த கோபத்துக்கு டீச்சர் வீட்டு மாவை நானே ஆட்டி முடித்தேன்.

கிளம்பும்போது, "எங்கம்மாட்ட மட்டும் இதைச் சொல்லிராதீங்க டீச்சர்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மே 17

ஏழரை சதவீதத்துக்குப் போட்டி அதிகம், கிடைக்காமலும் போகலாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "உனக்கா கிடைக்காது? போட்டி அங்கிட்டு!" என்றாள். சுவரிலிருந்து டை கட்டிய நான் என்னைப் பார்த்தேன்.

மே 22

முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். எங்கள் வம்சத்தில் இதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதிக்கவில்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. இதை வைத்துக் கல்விக் கட்டணத்தில் கொஞ்சம் கழியும். ஹாஸ்டலும் மற்றதும் நம் தலையில்தான். அப்பாவிடம் போனில் சொன்னேன். அப்பா புனேயில் ஒரு முறுக்குக் கம்பெனியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறார். "படிம்மா, அப்பா பாத்துக்கிடுதேன்" என்றார். பின்னால் யாரோ இந்தியில் சத்தம் போட்டார்கள். வைத்துவிட்டார். அவர் எதைப் பார்ப்பார், பாவம்.

மே 26

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். சென்னையில் ஓர் அறக்கட்டளை, கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை எடுத்து முழுச் செலவும் செய்து படிக்க வைக்கிறார்களாம். கட்டுரை எழுதி அனுப்பினேன். போனில் பேசினார்கள். அடுத்து வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்ப்பார்களாம். அதுதான் முக்கியமாம்.

"உள்ளதை உள்ளபடி காட்டு. எதையும் ஒளிக்காத" என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "நாம என்னத்தட்டி ஒளிக்கப் போறோம், களவாண்டா வச்சிருக்கோம்?" என்றாள்.

ஜூன் 6

நாளை வருகிறார்கள்.

ஜூன் 7

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், எங்கள் வீட்டை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் மாரிக்கனி அத்தை வீட்டுத் திரைச்சீலை தொங்குகிறது. உள்ளே அத்தை வீட்டுக் குஷன் நாற்காலி இரண்டு, கண்ணாடி டீப்பாய், அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா. டேபிள் ஃபேன் யார் வீட்டதோ. அம்மா வீட்டுக்குக் கொண்டு வந்து அடைக்கிற தீப்பெட்டிக் கூடைகளையும் மூட்டைகளையும் காணோம். எல்லாம் அத்தை வீட்டுக் கொல்லையில்.

"எம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? அவுக நம்ம கஷ்டத்தைப் பாக்க வாராக!"

"அதுக்காக? மெட்ராஸ்லருந்து வாரவுகளைத் தரையிலயா உக்கார வைக்கச் சொல்லுத? வீட்டுக்கு வாரவுக மூஞ்சில கஷ்டத்தையா விட்டெறிய முடியும்?"

"அதைத்தாம்மா பாக்கணும்னு வாராக!"

"போட்டி, பைத்தாரி. சீதேவி இருக்க வீட்டுக்குத்தான் சீதேவி வருவா."

திரைச்சீலையை அவிழ்க்கப் போனேன். கையில் அடித்தாள். அதற்குள் வாசலில் கார் நின்றுவிட்டது. வேறு ஒன்றும் இல்லாமல் தன் கழுத்தில் கிடந்த கவரிங் செயினைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். "மூளியா நிக்காத" என்றாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள், கல்யாணச் சேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். பேசியது ஹரிணி என்ற அக்கா. நல்ல அக்கா. எல்லாவற்றையும் மெதுவாகக் கேட்டார். அம்மா கலர் சோடா வாங்கி ஊற்றினாள், முந்திரி பிஸ்கட் வைத்தாள், காராச்சேவு வைத்தாள், கடலை மிட்டாய் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"வீட்ல கஷ்டம் ஏதாவது இருக்காம்மா?" என்று ஹரிணி அக்கா கேட்டார்.

அம்மா சிரித்தாள். "அதெல்லாம் ஒண்ணும் குறையில்ல தாயி. ஆத்தா புண்ணியத்துல நல்லா இருக்கோம்."

அவர் எழுதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பொண்ணோட அப்பா?"

"புனேயில முறுக்குக் கம்பெனி" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். கம்பெனி அப்பாவுடையது என்று அவர் நினைத்துவிட்டாரோ என்னவோ, "வேலைதான் பாக்காரு" என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். பிறகு அம்மா எழுந்துபோய்ச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் மடியிலேயே வைத்தாள். "இங்கிலீஷ் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைதான் தாயி. ஃபீஸெல்லாம் ஒரு நாள் பிந்தாமக் கட்டுனோம்."

ஹரிணி அக்கா அந்தப் படத்தையும் தன் போனில் எடுத்துக்கொண்டார்.

இந்த நாற்காலி எங்களுடையதில்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். முறைத்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். அவள் முறைக்கவில்லை. யாரோ பெரியவர்கள் முன்னால் கை கட்டி நிற்கிற மாதிரி இருந்தது அவள் முகம். ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்கிற என் வாய் அங்கே மூடிக்கொண்டது.

கார் போனதும், "பாத்தியா, எவ்வளவு மரியாதையாப் பேசிட்டுப் போறாக" என்றாள். மீதிக் காராச்சேவைத் தங்கச்சி தர்ஷினி தின்று தீர்த்தாள். நாற்காலிகளை நான்தான் தூக்கிக்கொண்டுபோய் அத்தை வீட்டில் போட்டேன்.

ஜூன் 9

தர்ஷினி இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. அம்மா அவளை டை ஸ்கூலில் சேர்க்கப் போகிறாளாம். அதற்காகச் சீட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறாளாம். வீட்டில் இது ஒரு வருஷமாகப் பேச்சில் இருக்கிறது, நான்தான் மறந்துபோயிருந்தேன்.

"அவளை அங்க சேர்க்காதம்மா."

"ஏன்?"

"அரசுப் பள்ளியே நல்லாத்தான இருக்கு. நான் படிக்கலையா?"

"நீயும் ஆறாப்பு அங்கதான படிச்ச? கெட்டா போயிட்ட? தங்கச்சி டை கட்டுனா உனக்குப் பொறுக்கலையோ?"

பொறாமையாம். எனக்கு! சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் தர்ஷினி தப்பித்துவிடுவாள். அம்மா என்ன ஆவாள்? அவள் வாழ்க்கையில் பெருமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். விற்ற தோட்டைக்கூட அவள் ஒரு தடவையும் நினைத்து வருத்தப்பட்டதில்லை. காது ஓட்டையில் ஈர்க்குச்சி செருகியிருக்கிறாள், இன்னமும்.

தட்டில் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். சோறு என்ன பாவம் செய்தது என்று அதற்கும் திட்டு.

ஜூன் 15

தர்ஷினி டை கட்டிக்கொண்டு வேனில் போனாள். முடிச்சு அவளுக்கு வரவில்லை, நான்தான் போட்டுவிட்டேன். மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். கை மறக்கவில்லை.

ஜூன் 27

அறக்கட்டளையின் பட்டியலில் என் பெயர் இல்லை. சுடலை அண்ணன் கடையிலிருந்து ஹரிணி அக்காவுக்குப் போன் போட்டேன். "நீ நல்லா படிக்கிற பொண்ணுதாம்மா. ஆனா உங்களைவிட ரொம்பக் கஷ்டப்படுற வீடுகள் நிறைய வந்துச்சு. தப்பா எடுத்துக்காத" என்றார். நிஜமாகவே வருத்தமான குரல்.

பக்கத்தில் அம்மா இல்லை. அண்ணன்கூட டீ வாங்கப் போயிருந்தார். நாற்காலி இரவல் அக்கா, திரைச்சீலை இரவல், கழுத்தில் கிடந்தது கவரிங், எங்கள் வீட்டில் மழை பெய்தால் சட்டி வைக்க வேண்டும், வாங்க, மறுபடி வந்து பாருங்க. எல்லாவற்றையும் வரிசையாக நினைத்தேன். "பரவாயில்லக்கா, நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றேன்.

என் வாயா அது! போனை வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மாவைச் சொல்லி என்ன?

ஜூலை 21

பொதுப்பிரிவில் சீட் வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் காலேஜ், மெக்கானிக்கல்தான். உறுதி செய்ய ஒரு வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும். அம்மா தெருவுக்கு மிட்டாய் கொடுத்தாள்.

ஜூலை 23

பேங்கில் கல்விக்கடன் கேட்டேன். காலேஜில் சேர்ந்த ரசீதைக் கொண்டு வா என்றார்கள். காலேஜுக்குப் போன் செய்தேன். பணம் கட்டினால்தான் ரசீது என்றார்கள். மறுபடி பேங்க். "அப்பா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா." அப்பாவுக்குப் போன். கம்பெனியில் ஆள் இல்லை, பண்டிகை முறுக்கு வேலை ஆரம்பித்துவிட்டது, இப்போது வந்தால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். "விடுங்கப்பா, பாத்துக்கிடலாம்" என்று நான் தேற்றினேன்.

ஜூலை 25

பேங்க். காலேஜ். பேங்க். செக்கு மாடுகூடக் கொஞ்சம் எண்ணெயைக் கண்ணால் பார்க்கும்.

ஜூலை 28

இன்றைக்கு ஐந்து மணியோடு முடிந்தது. சுடலை அண்ணன் கடையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிகூட அடிக்கவில்லை. அண்ணன்தான் கம்ப்யூட்டரை அணைத்தார். "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்றார். பி.எஸ்சி.க்குப் போட்டு வைக்கவும் தேதி போய்விட்டது. "இஞ்சினீருக்குப் போறவளுக்கு அது எதுக்கு?" என்று அம்மா சொன்னாள், நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "சீட்டு போயிட்டும்மா" என்றேன்.

"அந்த ஃப்ரீ சீட்டாவது தந்திருக்கலாம்லட்டி. அதை ஏன் தரல உனக்கு?"

"மார்க் பத்தலைம்மா."

அம்மா அடைத்த பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "எல்லாம் என் புத்திதான். கடனை உடனை வாங்கியாவது அந்த டை ஸ்கூல்லயே உன்னை விட்டு வச்சிருக்கணும். மார்க் வந்திருக்கும்."

நான் கொல்லைப் பக்கம் போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். வைத்தேன். மறுபடி தூக்கினேன்.

ஜூலை 30

அம்மாவோடு ஆபீஸுக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும். எனக்கும் பெட்டி அடைக்கிற வேலை. மெஷின் அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 1

விக்டோரியா டீச்சரைப் பார்த்துச் சண்டை போட்டு வருகிறேன் என்று அம்மா கிளம்பிப் போனாள். நல்ல மார்க் என்று சொல்லிப் பிள்ளையை ஏமாற்றிவிட்டாராம். தடுத்தேன், கேட்கவில்லை. திரும்பி வர நேரமாயிற்று. டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. காப்பி குடுத்தாக" என்றாள்.

ஆகஸ்ட் 2

சுவரில் படம் இல்லை. ஆணி ஆடுகிறது, விழுந்து உடைந்துவிடும் என்று கழற்றி வைத்தாளாம். ஆணியைத் தொட்டுப் பார்த்தேன். ஆடவில்லை.

ஆகஸ்ட் 3

அம்மா இன்று வேலைக்குப் போகவில்லை. தர்ஷினியின் வேன் வந்தபோது, அவளை ஏற்றாமல் வேனைப் போகச் சொல்லிவிட்டாள். "துணியை மாத்திட்டு வா" என்று என்னைக் கூப்பிடுகிறவள், இன்று கூப்பிடாமலே தர்ஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். முதலில் டை ஸ்கூல். ஆபீஸ் ரூமுக்குள் போனவள் டி.சி.யோடு வந்தாள். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். அதற்கு அவள் சண்டை போடவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து நேராக நான் படித்த பள்ளிக்கூடம். தர்ஷினிக்கு வேறு யூனிஃபார்ம் இல்லாததால் டை கட்டித்தான் நின்றாள். பெரிய டீச்சர் டி.சி.யைப் பார்த்துவிட்டு, "சேர்த்துக்கலாம்மா" என்றார். அம்மா உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் இங்கயே படிச்சாப் போதும்லா டீச்சர்?"

"படிக்கட்டும்மா."

"இப்ப ரெண்டு மாசம் அங்க இருந்துட்டா. தெரியாமச் சேத்துட்டேன். அதையும் எழுதுவீகளா? அந்த ரெண்டு மாசத்தையும் கணக்குல வச்சுருவாகளா?"

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "இவ பன்னெண்டு முடிக்கிறப்போ என்ன சட்டம் இருக்கோ, எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சரிங்க டீச்சர்" என்றாள் அம்மா. கும்பிட்டாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் தர்ஷினியை நிறுத்தி டையை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. அவளுக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. நான் அவிழ்த்துக் கொடுத்தேன். அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "யாரும் கேட்டா முதல்லருந்தே இங்கதான் படிக்கேன்னு சொல்லு, என்ன?" என்று தர்ஷினியிடம் சொன்னாள். அவள் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

ரோட்டுக்கு வந்த பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ எங்கிட்ட அப்பமே சொல்லிருக்கலாம்லட்டி?"

"எதைம்மா? மார்க்தான் பத்தல."

அம்மா அப்படியே நின்றாள். ஒரு லாரி போகும்வரை நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, மார்க்தான்" என்றாள்.

மத்தியானத்துக்கு ரசம் போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.